மெதுவான தனிப் பியானோ: மனசைப் பிசையறது எது? வீட்டில் வாசிச்சா அது ஏன் வரமாட்டேங்குது?

பல்லடத்தான்

வணக்கங்க. பாட்டு இல்லாம, தாளக்கருவி இல்லாம, ஒத்தைப் பியானோவுல மெதுவா, அமைதியா வாசிக்கிற இசையைப் பத்தின கேள்விங்க. எரிக் சதீயோட முதல் ஜிம்னோபெடி, ஷோப்பானோட ஈ மைனர் பிரெலூட் (ஓபஸ் 28, 4ஆவது), இந்த ரெண்டையும் வெச்சே கேக்கறேன்.

ஒண்ணு, இதுல வரி இல்லை, குரல் இல்லை, கமகமும் கிடையாது. இருந்தும் கேட்டுட்டு இருக்கும்போதே தொண்டை அடைக்குது. இதுக்குக் காரணம் இசைக்குள்ளயே இருக்குதா, இல்லை கேக்கறவங்க மனநிலைதானா?

ரெண்டு, பியானோத் தேர்வுல கிரேடு 5 முடிச்ச கைக்கு இந்த ரெண்டு உருப்படியும் நோட்டளவுல சிரமமே இல்லைங்க. ஆனா வாசிச்சா பள்ளிக்கூடத்துல பாடம் ஒப்பிக்கிற மாதிரி வருது. எதை மாத்தணும்?

கருவி 88 கட்டை டிஜிட்டல் பியானோ. ஹேமர் ஆக்‌ஷன் இருக்குது, கூட வந்த சதுரமான சின்னக் கால் சுவிட்சுதான் ஒலியை நீட்டிப் பிடிக்கிற பெடல். ரெண்டு வீடு தள்ளி விசைத்தறி ஓடுது, ராத்திரி ஷிஃப்டும் உண்டு. பதிவு பண்ணணும்னும் ஆசை. கோயமுத்தூர்ல பழைய அப்ரைட் பியானோ (கம்பியெல்லாம் நெட்டுக்குத்தா இருக்கிற வகை) ஒண்ணு விலைக்கு வருது, மலையிலிருந்து இறக்கினதாம். வாங்கலாமான்னு தெரிஞ்சவங்க சொன்னா நல்லாருக்கும்.

---

ரேஸ்கோர்ஸ் டீச்சர்

உங்க ரெண்டு கேள்விக்கும் வேர் ஒண்ணுதாங்க. பியானோவில் ஒரு நோட்டு பிறந்த நொடியிலிருந்தே தேய ஆரம்பிக்கும். பாடுறவங்க ஒரு ஸ்வரத்தைப் பிடிச்சு வளர்க்கலாம். நாதஸ்வரத்தில் காற்றைக் கூட்டலாம், வயலினில் வில்லை அழுத்தலாம். பியானோவில் சுத்தியல் கம்பியைத் தொட்டுத் திரும்பிட்டா அதோட சரி, வாசிக்கிறவரால் அந்த ஒலியை ஒரு துளிகூடக் கூட்ட முடியாது. வேகமான உருப்படியில் அடுத்த நோட்டு வந்து இந்தத் தேய்மானத்தை மறைச்சிடும். மெதுவான உருப்படியில் அது முழுசாக் காதில் விழும். மங்கிக்கிட்டே போற ஒலியை விட்டுவிடாம காது பின்னாடியே போகும். அது கேட்காத அளவுக்கு இறங்கின பிறகும் மனசு அதைப் பிடிச்சு வெச்சிருக்கும். கேட்கிறவரும் இப்படிப் பாதி வேலை செய்யறதாலதான் இந்த இசை இவ்வளவு நெருக்கமாப் படுது. ஆகவே மனநிலை மட்டும் இல்லைங்க, காரணம் இசைக்குள்ளயே இருக்கு.

சதீ தன் ஜிம்னோபெடியை 1888இல் எழுதினார். மூணு அடித் தாளம். முதல் அடியில் இடது கை ஒரே ஒரு பாஸ் நோட்டு, ரெண்டாவது அடியில் மேலே ஒரு கார்டு (ஒண்ணாச் சேர்ந்து ஒலிக்கிற சில நோட்டுகள்), மூணாவது அடியில் புதுசா எதுவும் கிடையாது. ஜி மேஜர் 7, டி மேஜர் 7 ரெண்டும் மாறி மாறி வரும். அஞ்சாவது பாரில்தான் (மூணு அடி சேர்ந்தா ஒரு பார்) மெலடி நுழையும், அதுவும் முதல் அடியில் இல்லை, ரெண்டாவது அடியில். நாலு பார் நடந்து ஒரு ஷார்ப் எஃப்பில் போய் நிற்கும். அந்த ஒரு நோட்டு அடுத்த நாலு பாருக்கும் கட்டப்பட்டிருக்கு, அதாவது 12 அடி. கீழே கார்டுகள் மாறிக்கிட்டே இருக்க, மேலே அது தேய்ஞ்சுக்கிட்டே இருக்கும். இந்த உருப்படியோட உயிரே அங்கேதான்.

இப்பக் கணக்குப் பாருங்க. ஒரு அடிக்கு ஒரு தட்டுன்னு, நிமிஷத்துக்கு 72ன்னு மெட்ரோனோம் வெச்சா 12 அடி சரியா 10 வினாடி. 54க்கு இறக்கினா 13 வினாடியைத் தாண்டும். மெதுவா வாசிச்சாத்தான் உருக்கம்னு நெனச்சு நிறையப் பேர் 50க்கு இறக்கிடறாங்க. அதுக்குள்ள அந்த ஷார்ப் எஃப் செத்துப்போகும், மெலடி ஒரே வாக்கியமா நிக்காம துண்டு துண்டா உடையும். டிஜிட்டலில் இது இன்னும் மோசம், விலை குறைஞ்ச மாடல்களில் தேய்மானத்தைச் சுருக்கி வெச்சிருப்பாங்க. உங்க கருவியிலயே சோதிச்சுப் பாருங்க. நடு சி-க்கு மேலே இருக்கிற ஷார்ப் எஃப்பை மெதுவா அழுத்தி, பெடலையும் மிதிச்சு, 10 வினாடி எண்ணுங்க. கடைசி வரைக்கும் கேட்டுச்சுன்னா 72க்குத் தாங்கும். கேக்கலைன்னா டெம்போவை ஏத்துங்க, இல்லைன்னா அந்த நோட்டை மட்டும் கொஞ்சம் அழுத்தமா வாசிங்க.

ஒப்பிக்கிற மாதிரி வருதுன்னு சொன்னீங்களே, அதுக்கு முதல் காரணம் பெரும்பாலும் எல்லா நோட்டும் ஒரே கனத்தில் விழறதுதான். ரெண்டாவது அடிக் கார்டில் மூணு நோட்டு இருக்கு. மூணும் சேர்ந்தாலும் மெலடியோட ஒத்தை நோட்டைவிடச் சத்தம் குறைவா இருக்கணும். மிடி எண்ணில் (கட்டையை எவ்வளவு பலமா அழுத்தினோம்னு கருவி குறிச்சு வைக்கிற எண், 1 முதல் 127 வரை) சொன்னா தோராயமா மெலடி 55, பாஸ் 40, கார்டு 28. கருவியைக் கணினியில் இணைச்சுப் பதிவு பண்ணினா இந்த எண்கள் கண்ணுக்குத் தெரியும். பாஸிலிருந்து கார்டுக்கு இடது கை தாவற வேகத்தில் கார்டு மேலே போய் "தொப்"புன்னு விழும். இது ரொம்பப் பரவலான கோளாறு. பாஸைத் தொட்ட உடனே, அடிக்குக் காத்திருக்காம, கையைக் கார்டுக்கு மேலே கொண்டுபோய்க் கட்டையில் வெச்சுடுங்க. விரல் கட்டையைத் தொட்டுக்கிட்டு இருக்கட்டும். நேரம் வந்ததும் அங்கிருந்தே கீழே இறக்குங்க. உயரத்திலிருந்து விழற கையால் மெல்லிய ஒலி எழுப்ப முடியாது.

அடுத்தது வால்யூம். பக்கத்து வீட்டுக்குக் கேக்கக்கூடாதுன்னு வால்யூமைக் கால்வாசிக்குக் குறைச்சுட்டு, கேக்கலையேன்னு பலமா அழுத்துவாங்க. பியானோவில் சத்தம் மட்டும் மாறறது இல்லை, அழுத்தத்துக்குத் தக்கபடி நாதமே மாறும். பலமா அடிச்ச நோட்டில் மேல் ஹார்மோனிக்ஸ் (கூடவே ஒலிக்கிற மேல் அதிர்வுகள்) அதிகம், அதனால உலோகம் தட்டின பளபளப்பு வரும். அதை வால்யூமில் குறைச்சாலும் பளபளப்பு போகாது. வால்யூம் முக்கால் அளவில் இருக்கட்டும், விரலைக் குறைங்க. டச் அமைப்பை (அழுத்தத்துக்குக் கருவி எவ்வளவு சத்தம் கொடுக்கணும்ங்கறது) "ஹார்டு"க்கு மாத்துங்க. அப்படி மாத்தினா மெல்லிய பகுதியில் விரலுக்கு நிறைய இடம் கிடைக்கும். செட்டிங்ஸில் ரிவர்ப் (செயற்கை எதிரொலி) கூடுதலா இருந்தா முக்கால்வாசியைக் குறைச்சுடுங்க. ரிவர்ப் போட்டதும் உடனே அழகா இருக்கும். ஆனா நோட்டு எப்பத் தேய்ஞ்சதுன்னே தெரியாமப் போயிடும், கையும் கத்துக்காது.

பெடலை நோட்டோட சேர்த்து மிதிக்காதீங்க. புது பாஸ் நோட்டு விழற அதே கணத்தில் கால் மேலே வரணும், நோட்டு விழுந்த பிறகு கீழே போகணும். சேர்த்து மிதிச்சா பழைய கார்டு புதுசோட கலந்து கலங்கிடும், முன்னாடியே எடுத்தா நடுவுல ஒரு ஓட்டை விழும். சதீக்கு பாருக்கு ஒரு முறை மாத்தினாப் போதும். உங்க சதுர சுவிட்ச் இதுக்குத் தாங்கும். ஷோப்பானுக்குப் பாதிப் பெடல் (பாதி மட்டும் மிதிக்கிறது) வேணும், அந்த சுவிட்சுக்கு உண்டு-இல்லை ரெண்டே நிலைதான். உங்க மாடலுக்குன்னு தனியா விக்கிற, படிப்படியா உணர்ற பெடல் வாங்கிக்குங்க. வாங்கறதுக்கு முன்னாடி உங்க கருவி அதை ஏத்துக்குமான்னு கையேட்டில் பாருங்க, எல்லா மாடலும் ஏத்துக்காது.

ஷோப்பானைப் பத்தி ஒண்ணு மட்டும். 25 பார்தான். இடது கை பெரும்பாலும் பாருக்கு எட்டெட்டாக் கார்டு அடிச்சுக்கிட்டே இருக்கும், அதில் ஒவ்வொரு குரலா அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக் கீழே வழுக்கும். எட்டு கார்டையும் சமமா வாசிக்காம, எந்த விரல் இப்ப இறங்குதோ அந்த விரலுக்கு மட்டும் துளி கனம் கொடுங்க. மத்த ரெண்டு விரலும் கட்டையை விட்டு முழுசா எழும்பவே வேணாம். கடைசி மூணு கார்டுக்கு முன்னாடி, 23ஆவது பாரில், நீட்டிப்புக் குறியோட ஒரு மௌனம் இருக்கு. அங்கே கால் பெடலை விட்டு முழுசா மேலே இருக்கணும். பெடலோட எச்சம் கொஞ்சம் மிஞ்சினாலும் அந்த மௌனம் கெட்டுப்போகும்.

---

பேரூர் வீணை

டீச்சர் சொன்னதோடு ராகப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த இசை ஏன் இவ்வளவு எளிதில் பிடிபடுகிறது என்பதற்கு இதில் விடை இருக்கிறது.

சதீயின் உருப்படிக்கு டி-யை ஷட்ஜமாக, அதாவது 2 கட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். மெலடி இப்படி வரும்: க ப, ம க நி, த நி ச, ப, பிறகு கீழ் க-வில் நீண்ட கார்வை. முழுக்க சங்கராபரண ஸ்வரங்கள். ஆரம்பக் கார்டுகள் இரண்டில் முதலாவது ம த ச க, அடுத்தது ச ப நி க. இரண்டுக்கும் பொதுவான ஸ்வரங்கள் ஷட்ஜமும் அந்தர காந்தாரமும். கார்வை நிற்பதும் அதே காந்தாரத்தில்தான். அடியில் ஆதாரம் மத்யமத்துக்கும் ஷட்ஜமத்துக்கும் மாறி மாறிப் போக, மேலே ஒரே காந்தாரம் நிற்கிறது. ஒரு முறை அது நிஷாதத்தின் இடத்தில் கேட்கும் (ம-விலிருந்து பார்த்தால் க ஏழாவது ஸ்வரம்), அடுத்த முறை காந்தாரமாகவே கேட்கும். ஸ்வரம் அசையவில்லை, அதன் பொருள் அசைகிறது. கிரகபேதம் (ஆதார ஸ்வரத்தை மாற்றி வேறு ராகம் காட்டுவது) கேட்டு ரசிக்கிறவர்களுக்கு இந்த உணர்ச்சி புதிதில்லை.

முடிவைக் கவனியுங்கள். முதல் பாதி டி மேஜரில் அமர்கிறது. இரண்டாம் பாதியின் கடைசியில் ஷார்ப் எஃப் போய் வெறும் எஃப் வந்து, டி மைனரில் உருப்படி முடிகிறது. அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாக இறங்குகிறது. இத்தனை நேரம் பிடித்துவைத்திருந்த ஸ்வரமே இறங்குவதால்தான் மனசு அங்கே தவிக்கிறது. வாசிக்கும்போது அந்த எஃப்பை அழுத்திக் காட்ட வேண்டாம். முன்னால் வந்த காந்தாரங்களை நன்றாக நிலைநிறுத்தியிருந்தால் போதும், மாற்றம் தானாக விழும்.

ஷோப்பானுக்கு ஈ-யை ஷட்ஜமாக, 3 கட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். வலது கை பஞ்சமத்தில் நீண்டு நின்று, பாரின் கடைசி அடியில் சுத்த தைவதத்தைத் தொட்டு, மீண்டும் பஞ்சமத்துக்கு இறங்கும். ப த ப, ப த ப, இவ்வளவுதான். அரை ஸ்வர தூரம் ஏறி, நிற்க முடியாமல் சாய்ந்து இறங்கும் அசைவு. ஜான் ஸ்லோபோடா என்ற இசை உளவியலாளர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணீர் வந்ததாகக் கேட்டவர்கள் குறிப்பிட்ட பகுதிகளில் இப்படிச் சாய்ந்து இறங்கும் ஸ்வரங்கள் அதிகம் இருந்தன. லெனர்ட் மேயர் 1956இலேயே, இசை எழுப்பும் எதிர்பார்ப்பும் அது தள்ளிப்போவதும்தான் உணர்ச்சிக்கு மூலம் என்று வாதிட்டார். முகாரியிலோ சுபபந்துவராளியிலோ பஞ்சமத்தையும் சுத்த தைவதத்தையும் ஒட்டிப் பாடும் பிடிகளைக் கேட்டவர்களுக்கு இதற்கு ஆய்வுகூட வேண்டியதில்லை.

கமகம் இல்லாதது குறை என்று நம் பக்கத்தில் பலர் சொல்வார்கள். மெதுவான பியானோவைப் பொறுத்தவரை நான் அப்படி நினைக்கவில்லை. வீணையில் மீட்டிய ஒலியும் தேய்கிறதுதான், ஆனால் தேயும் ஒலியைக் கம்பியை இழுத்து அசைத்து உயிர்ப்பிக்கிறோம். பியானோவில் அந்த வழி கிடையாது. ஆகவே ஸ்வரம் எப்போது விழுகிறது, எவ்வளவு கனத்தில் விழுகிறது, எப்போது விலகுகிறது, இந்த மூன்றில்தான் பாவம் முழுவதும் அடங்கியாக வேண்டும். வாத்தியத்தில் உட்காரும் முன் ஷோப்பானின் வலது கையை மட்டும் ப, த என்று வாயால் பாடிப் பாருங்கள். தைவதத்தை எவ்வளவு மென்மையாகத் தொடுகிறீர்கள், எங்கே மூச்சு வாங்குகிறீர்கள் என்று தெரியும். அதே அளவை விரலுக்குக் கொண்டுபோங்கள்.

ஒரு எச்சரிக்கை. சூழலுக்காகப் பின்னால் சுருதிப்பெட்டியை ஓடவிட்டு இதை வாசிக்கச் சிலர் ஆசைப்படுகிறார்கள். வேண்டாம். பியானோவின் அந்தர காந்தாரம் ஷட்ஜமத்திலிருந்து 400 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), இயற்கையான காந்தாரம் 386 சென்ட். நடு ஸ்தாயியில் டி ஷட்ஜமம் என்றால் இந்த வித்தியாசம் வினாடிக்கு ஏறக்குறைய 3 அதிர்வு. தம்புராவின் நாதத்தில் இயற்கைக் காந்தாரம் உள்ளூர ஒலிப்பதால், சதீயின் அந்த நீண்ட கார்வை முழுவதும் அலை அடிக்கும். பஞ்சமத்தில் இந்தச் சிக்கல் வராது, வித்தியாசம் 2 சென்ட்தான்.

---

சுதி மெக்கானிக்

அப்ரைட் பத்திக் கேட்டிருந்தீங்க. மலையிலிருந்து இறக்கினதுன்னா ரெண்டு மடங்கு சாக்கிரதையாப் பாக்கணுமுங்க. ஈரமான இடத்துல வருஷக்கணக்கா இருந்த மரம் நம்ம ஊர் மாசி, பங்குனி வெயிலுக்கு வந்ததும் சுருங்கும். சவுண்ட்போர்டு (ஒலியைப் பெருக்கற பெரிய மரப்பலகை) விரிசல் விடும், டியூனிங் பின்னு இறுகிப் பிடிக்கிற பலகை தளர்ந்துபோகும். பின்னு தளர்ந்த பியானோ இன்னைக்கு சுதி சேர்த்தா அடுத்த வாரம் நிக்காது. அதைச் சரி பண்ற செலவுக்கு வேற பியானோவே பாத்துக்கலாம்.

போறப்ப டார்ச்சும், போன்ல ஒரு டியூனர் செயலியும் எடுத்துட்டுப் போங்க. நடு ஏ நோட்டு 440 ஹெர்ட்ஸ் இருக்கோணும். அரை ஸ்வரம் இறங்கிக் கிடந்தா, மொத்தமா இழுக்கறப்பத் துருப்புடிச்ச கம்பி அறும். ஒரு பியானோவுல 220, 230 கம்பி இருக்குது, எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 18 டன் இழுவிசை. ஒரே மூச்சுல இழுக்க முடியாது, ரெண்டு மூணு தடவையா ஏத்தோணும். கீழ்ப் பலகையைக் கழட்டிப் பாருங்க. எலி கூடு கட்டியிருக்கா, கரையான் மண் தெரியுதா, பூச்சி ஃபெல்ட்டை (அழுத்தின கம்பளித் துணி) தின்னிருக்கான்னு அங்கதான் தெரியும். சுத்தியல் மூக்குல கம்பித் தடம் ஆழமாப் பதிஞ்சிருந்தா ஒலி கரகரன்னு வரும், மெல்லிசா வாசிக்கவே வராது. தடம் லேசுன்னா உரசி, ஊசி போட்டு மெத்துன்னு ஆக்கிக்கலாம்.

முக்கியமானது ஒண்ணு: டேம்பர் (கம்பியைத் தொட்டு ஒலியை அடக்கற கட்டை) சுத்தியலுக்கு மேல, கம்பிக் கூண்டுக்குள்ள இருக்கிற பழைய மாடல்னா வேண்டவே வேண்டாமுங்க. அதுல கட்டையை விட்டாலும் நோட்டு முழுசா அடங்காது. உங்க உருப்படிக்குப் பெடல் மாத்தறப்பச் சட்டுன்னு அடங்கறதுதான் உசுரு.

மெல்லிசா வாசிச்சா சில நோட்டு வராமப் போகுதுன்னு நிறையப் பேர் கருவியைக் குத்தம் சொல்லுவாங்க. கட்டை 10 மில்லிமீட்டர் இறங்கும், சுத்தியல் 45 மில்லிமீட்டர் போல ஓடும். கம்பிக்கு 2, 3 மில்லிமீட்டர் இருக்கறப்பவே கட்டை சுத்தியலை விட்டுடும், மிச்ச தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்துலயே போகோணும். ரொம்ப மெதுவா அழுத்தினா அந்த மிச்ச தூரம் போய்ச் சேராது. விட்டுடற தூரம் ஒவ்வொரு நோட்டுக்கும் ஒவ்வொரு அளவா இருந்தா ஒண்ணு பேசும், பக்கத்து நோட்டு பேசாது. அதை ஒரே அளவுக்குக் கொண்டுவரச் சொல்லி டியூனர்கிட்டக் கேளுங்க. சுதி மட்டும் சேர்த்துட்டுப் போனா இது சரியாகாது.

டீச்சர் சொன்ன தேய்மானம் ஒரே சீராவும் இருக்காதுங்க. நடு, மேல் ஸ்தாயியில ஒரு நோட்டுக்கு மூணு கம்பி. அடிச்ச உடனே மூணும் ஒண்ணா ஆடி, பாலம் வழியாச் சவுண்ட்போர்டுக்குச் சத்தத்தை வேகமாக் கொடுத்துடும். அப்புறம் ஒண்ணுக்கொண்ணு முன்பின்னாகி, மிச்சம் இருக்கிறது மெதுவாக் கரையும். முதல்ல சட்டுன்னு ஒரு இறக்கம், பிறகு நீளமான ஒரு வால். கேப்ரியல் வைன்ரைக் 1977ல இதைக் கணக்குப் போட்டு விளக்கினார். மூணு கம்பியும் சேர்ற சேர்க்கையை டியூனர் எவ்வளவு நுணுக்கமா வெக்கிறாரோ அதுக்குத் தக்கபடி அந்த வாலோட நீளமும் நெறமும் மாறும். அலை அடிக்கிற மாதிரி விட்டுட்டா சதீயோட நீளக் கார்வை நடுங்கும்.

சுதி எப்பச் சேர்க்கறதுன்னா, ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஈரத்தோட வர்றப்பச் சவுண்ட்போர்டு உப்பி நடு ஸ்தாயி ஏறும். மாசி, பங்குனியில சுருங்கி எறங்கும். பருவம் மாறுற வாரத்துல சேர்த்தா வீண். மாறி மூணு வாரம் போகட்டும். வருஷத்துக்கு ரெண்டு தடவை போதும். அறையில ஈரப்பதம் 40லிருந்து 55 சதவீதத்துக்குள்ள நிக்கிற மாதிரி பாத்துக்குங்க. ஜன்னல் பக்கமும், மேக்கால வெயில் படற சுவத்துலயும் பியானோ வேண்டாம்.

இன்னொண்ணு. அப்ரைட்ல இடது பெடல் சுத்தியலைக் கம்பிக்குக் கிட்டக் கொண்டுபோகுது, அவ்வளவுதான். சத்தம் குறையும், நாதம் பெருசா மாறாது. கிராண்டுல சுத்தியல் பக்கவாட்டுல நகந்து மூணு கம்பிக்கு ரெண்டை மட்டும் அடிக்கும், அங்க நாதமே மாறும். அப்ரைட்ல மெத்துன்னு வேணும்னா நடுப்பெடல்ல வர்ற துணிதான் வழி. ஜெர்மனிக்காரர் நில்ஸ் ஃப்ராம் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கூடாதுன்னு ராத்திரி ஃபெல்ட்டைக் கொடுத்து வாசிச்சு, 2011ல ஃபெல்ட்ங்கற பேர்லயே ஆல்பம் போட்டார். நடுப்பெடல்ல வர்ற ஃபெல்ட்டு கனமா இருந்தா ஒலி ரொம்ப அமுங்கிரும். அதுக்குப் பதிலா பனியன் துணி போடலாம். நம்ம பக்கம் அதுக்குப் பஞ்சமே இல்லை, திருப்பூர்ல கட்டிங் வேஸ்ட் கிலோக் கணக்குல கிடைக்குது. சிங்கிள் ஜெர்சி எடுக்காதீங்க, வெட்டின ஓரம் சுருண்டுக்கும், சுருண்ட எடத்துல கனம் கூடி நோட்டுக்கு நோட்டு ஒலி மாறும். இன்டர்லாக் துணி 200, 220 ஜிஎஸ்எம், சாயம் போடாத காட்டன், ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு சாண் அகலம் போதும். மேல் ஓரத்தை மட்டும் சட்டத்துல பொருத்திட்டு, கீழ் ஓரத்தைச் சும்மா தொங்க விடுங்க. சுத்தியல் படற கோட்டுக்குக் கீழ 3 சென்டிமீட்டராவது தொங்கோணும். ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டினா சுத்தியல் திரும்பி வராம ஒலி செத்துரும். துணியில தடம் விழுந்துதுன்னா கொஞ்சம் நகத்திப் போடுங்க.

---

பல்லடத்தான்

ரொம்ப நன்றிங்க டீச்சர், ஐயா, அண்ணா. டச் அமைப்பும் வால்யூமும் மாத்தறேன். அந்த அப்ரைட்டை டார்ச்சோட போய்ப் பாத்துட்டு முடிவு பண்றேனுங்க. தறிச் சத்தத்துக்கும் பதிவுக்கும் யாராச்சும் வழி சொல்லுங்க. தறி நிக்கிற நேரத்துலயும் பதிவுல ஒரு உறுமல் கேக்குது. நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டா ஒலி தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிருது.

---

ஒலிப்பதிவு ஈரோடு

தண்ணிக்குள்ள இருந்து வருதுன்னு சரியாத்தான் கேட்டிருக்கீங்க. நாய்ஸ் ரிடக்‌ஷன் ஒரு அளவுக்குக் கீழே இருக்கிற ஒலியை எல்லாம் இரைச்சல்னு எடுத்துக்கும். மெதுவான பியானோவில் நோட்டோட வால் அதே அளவுக்குத்தான் இறங்குது. இரைச்சலோட சேர்த்து அதையும் தின்னுடும், மிச்சம் இருக்கிறது துண்டு துண்டாத் தெரிஞ்சு மறையும். ராக் பாட்டில் இது யாருக்கும் தெரியாது. உங்களுக்கு அந்த வால்தான் இசையே. ஆகவே மென்பொருளைக் கடைசியா வெச்சுக்கிட்டு, மூலத்தில் குறைக்கப் பாருங்க.

டிஜிட்டல் பியானோவில் இது சுலபம். மைக் வேண்டாம், லைன் அவுட் அல்லது யூஎஸ்பி ஆடியோ வழியா நேரா எடுங்க, தறி உள்ளே வரவே வராது. அந்த உறுமல் பெரும்பாலும் கரண்ட்டிலிருந்து வருது. நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஸ்டெபிலைசரும் இன்வெர்ட்டரும் அதோட இரட்டிப்பு 100 ஹெர்ட்ஸில் முனகும். பியானோவில் கீழ் ஜி நோட்டு 98 ஹெர்ட்ஸ். ரெண்டும் உரசினா வினாடிக்கு 2 அலை அடிக்கும். சதீயோட முதல் பாஸ் நோட்டே ஜி-தான், அதனால அங்கேதான் அதிகமா உறுத்தும். ஈக்வலைசரில் 100ஐ வெட்டினா ஜி-யும் சேர்ந்து போயிடும். அடாப்டரையும் ஆடியோ கம்பியையும் தூரமாப் பிரிங்க, லேப்டாப்பை சார்ஜரில் இருந்து எடுத்துட்டு பேட்டரியில் ஓட்டுங்க, பியானோவும் இன்டர்ஃபேஸும் (ஒலியைக் கணினிக்குக் கொடுக்கிற பெட்டி) ஒரே பிளக் பாயின்ட்டில் இருக்கட்டும். பாதிக்கு மேல் அதிலேயே அடங்கும்.

அப்ரைட் வாங்கிட்டீங்கன்னா மைக் வேணும். மேல் மூடியைத் திறந்து, முன் பலகையைக் கழட்டி, சுத்தியல் வரிசையிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ரெண்டு மைக். நுனி ரெண்டுக்கும் இடையில் 17 சென்டிமீட்டர், கோணம் 110 டிகிரி. இன்னும் கிட்டப் போனா ஒரு பகுதி நோட்டு மட்டும் துருத்தும், எட்டிப் போனா தறி ஏறும். 24 பிட்டில் எடுங்க, பலமான இடம் -12 டெசிபெலைத் தொட்டாப் போதும். மேலே இடம் இருக்குதேன்னு கெயினை ஏத்தாதீங்க. தறியோட அதிர்வு காத்தைவிடத் தரை வழியா அதிகம் வரும். மைக் ஸ்டாண்டு காலுக்கு அடியில் கனமான ரப்பர் பாய் போடுங்க. ஃபேனை நிறுத்தித்தான் ஆகணும், சித்திரையில் கஷ்டம்தான், வேற வழி இல்லை.

வாசிக்கிறதுக்கு முன்னாடி 30 வினாடி அறையோட வெறும் ஒலியைப் பதிவு பண்ணி வெச்சுக்குங்க. ஷோப்பானோட மௌனத்தை எடிட்டிங்கில் சுத்தமா வெட்டி வெறுமையாக்கினா காதுக்குக் கருவியே செத்த மாதிரிப் படும். அங்கே இந்த அறை ஒலியைப் போடணும். கடைசி நோட்டுக்குப் பிறகும் வால் முழுசா அடங்கின பின்னாடி 3 வினாடி விட்டுத்தான் ஃபேட் அவுட். கம்ப்ரெசர் (சத்த வித்தியாசத்தைச் சுருக்கறது) வேண்டவே வேண்டாம். தளங்களில் போடுறதுக்கு -14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (மொத்தச் சத்தத்தோட அளவு) ஏத்தணும்னு சொல்லுவாங்க, இந்த இசைக்கு -20, -22இல் விட்டாலும் ஒண்ணும் ஆகாது. கேக்கறவங்க வால்யூமை ஏத்திக்குவாங்க.

பயிற்சிக்கு ஹெட்போனா ஸ்பீக்கரான்னும் யோசிப்பீங்க. தறி ஓடற நேரத்தில் ஹெட்போன், காதை முழுசா மூடற வகை. தறிக்கு மேலே கேக்கணும்னு ஸ்பீக்கரில் வாசிச்சா விரல் தன்னால பலமாகிடும்.

---

ரேஸ்கோர்ஸ் டீச்சர்

மௌனத்தைப் பத்தி ஈரோட்டுக்காரர் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். இத்தாலியில் லூச்சானோ பெர்னார்டி குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், இசைத் துண்டுகளுக்கு நடுவே 2 நிமிட இடைவெளி வெச்சுப் பார்த்தாங்க. அந்த மௌனத்தில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் மூச்சும் இசை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இருந்த ஓய்வு நிலையையும்விடத் தணிஞ்சுது. வெறும் அமைதியில் வராத தணிவு, இசைக்குப் பின்னால் வந்த அமைதியில் வந்திருக்கு. ஆகவே உருப்படி முடிஞ்சதும் கையைச் சட்டுன்னு எடுக்காதீங்க, ரெண்டு உருப்படியையும் அடுத்தடுத்து ஒட்டி வாசிக்காதீங்க.

அடுத்து என்ன எடுக்கலாம்னு கேப்பீங்க. ஷூமனோட டிராய்மெரை அழகுதான், ஆனா உள் குரல்கள் நிறைய. இப்போதைக்குத் தள்ளி வைங்க. எஸ்தோனியாக்காரர் ஆர்வோ பேர்ட் 1976இல் எழுதின ஃப்யூர் அலீனாவை எடுங்க. ரெண்டே பக்கம், தாளக் குறி கிடையாது. நீளத்துக்கு வெறும் கறுப்புப் புள்ளியும் வெள்ளை நோட்டும்தான். வலது கை பி மைனர் ஸ்கேலை ஒட்டி நடக்கும், இடது கை ஒரே ஒரு இடம் தவிர பி மைனர் கார்டோட மூணு ஸ்வரத்தையே தொடும். ஒவ்வொரு சொற்றொடருக்கும் ஒரு நோட்டு கூடிக்கிட்டே போய், பிறகு ஒண்ணொண்ணாக் குறையும். ஆரம்பத்தில் கீழே அடிக்கிற பி ஆக்டேவைப் பெடலில் பிடிச்சு வெச்சுக்கிட்டே மேலே வாசிக்கணும், உங்க சதுர சுவிட்சே போதும். ரெண்டு கையும் துல்லியமா ஒரே கணத்தில் இறங்கணும். துளி முன்பின் ஆனாலும் இதில் பளிச்சுன்னு தெரியும். முதல் வாரம் பெடலே இல்லாம, ரெண்டு கை நோட்டும் ஒண்ணா விழுதான்னு மட்டும் கேட்டுப் பழகுங்க. பெடல் அதுக்கப்புறம்.